கல்தேயர் யார்? விவிலியம், பாபிலோன், ஈராக், திருச்சூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்தேயர் என்ற பெயர் தமிழில் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் காதில் விழுகிறது: விவிலிய வாசிப்பில், எண்கணித விளம்பரத்தில், ஈராக் செய்தியில். மூன்றிலும் வருவது ஒரே ஆட்கள் என்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் பிறக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லாமல் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. கல்தேயர்னா யாரு? சுருக்கமா சொல்லுங்க.

இன்று வாழும் கல்தேயர், வட ஈராக்கையும் அதை ஒட்டிய தென்கிழக்குத் துருக்கியையும் பூர்வீகமாகக் கொண்ட கிறிஸ்தவ மக்கள். வீட்டில் பேசுவது அரமேய மொழியின் இன்றைய வடிவம். அதை அவர்கள் 'சுரேத்' என்கிறார்கள். திருச்சபையால் கத்தோலிக்கர், ஆனால் வழிபாட்டு முறை உரோமை முறை அல்ல, கிழக்குச் சீரிய முறை.

பழைய நூல்களில் வரும் கல்தேயர் வேறு. அங்கே அந்தப் பெயர் முதலில் ஒரு இனக்குழுவையும் பிறகு ஒரு தொழிலையும் குறித்தது. இனம், தொழில், திருச்சபை என்ற இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

2. பைபிள்ல வர்ற கல்தேயர் பாபிலோனியர்தானே? எதுக்கு ரெண்டு பேரு?

தொடக்கத்தில் இருவரும் வேறு. 'கல்து' என்ற பெயர் கி.மு. 9-ம் நூற்றாண்டில்தான் அசீரிய அரசர்களின் ஆவணங்களில் தலைகாட்டுகிறது. யூப்ரடிஸ், டைக்ரிஸ் ஆறுகள் கடலை நெருங்கும் தெற்குச் சதுப்பு நிலத்தில் வாழ்ந்த குலங்கள் இவர்கள். பித்-யாக்கின், பித்-தக்கூரி, பித்-அமுக்கானி என்பவை பெரிய குலங்கள். 'பித்' என்றால் வீடு. நம் ஊரில் இன்னார் வகையறா என்பது போல. பாபிலோன் நகரமோ அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புகழோடு இருந்தது.

இந்தக் குலத்தலைவர்கள் மெல்ல மெல்லப் பாபிலோன் அரியணையைப் பிடித்தார்கள். பித்-யாக்கின் குலத்தவரான மெரோதாக்-பலாதான் என்ற அரசர் கி.மு. 721 முதல் 710 வரை ஆண்டார். எருசலேம் அரசர் எசேக்கியா நோயுற்றபோது தூதரை அனுப்பியதாக ஏசாயா நூலில் வருபவர் இவர்தான். கல்தேயர் பாபிலோனை ஆளத் தொடங்கிய பிறகு, எபிரேயர் அந்த நாட்டையும் படையையும் கல்தேயர் பெயராலேயே அழைத்தார்கள். எபிரேயத்தில் அது 'கஸ்தீம்'.

3. அப்ப நேபுகாத்நேச்சார் கல்தேயர்தான?

அவருடைய பரம்பரையைக் 'கல்தேய வம்சம்' என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் வம்சத்தைத் தொடங்கிய அவருடைய தந்தை நபோபொலாசர், கி.மு. 626-ல் அரியணை ஏறியவர், தன்னை 'யாருமற்ற ஒருவனின் மகன்' என்றுதான் எழுதிவைத்தார். எந்தக் குலத்தின் பெயரையும் சொல்லவில்லை. அதனால் ஆய்வாளர்கள் பலர் 'புதிய பாபிலோனிய அரசு' என்றே எழுதுகிறார்கள்.

வரிசையை நினைவில் வைத்தால் போதும்: கி.மு. 612-ல் அசீரியத் தலைநகர் நினிவே விழுந்தது. 605 முதல் 562 வரை நேபுகாத்நேச்சார். 587 அல்லது 586-ல் எருசலேம் ஆலயம் எரிக்கப்பட்டது. 539-ல் பாரசீகத்துக் கோரேசு (சைரஸ்) பாபிலோனைப் பிடித்தார்.

4. ஆபிரகாம் 'கல்தேயருடைய ஊர்' பட்டணத்துல இருந்து வந்தார்னு இருக்கே. அவரும் கல்தேயரா?

இங்கே 'ஊர்' என்பது தமிழ்ச் சொல் அல்ல, நகரத்தின் பெயர். தெற்கு ஈராக்கில் நசிரியாவுக்கு அருகே இருக்கும் தெல் எல்-முகய்யர் என்ற மேடுதான் அது என்பது பெரும்பான்மையோர் கருத்து. 1922 முதல் 1934 வரை அங்கே பெரிய அகழாய்வு நடந்தது. அந்த நகரம் செழித்தது கி.மு. 3-ம் ஆயிரத்தில், கல்தேயர் அப்பகுதிக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

அப்படியென்றால் அந்த அடைமொழி எப்படி வந்தது? எழுதியவர் காலத்தில் அந்த வட்டாரம் கல்தேயர் நாடு. வாசிப்பவருக்கு இடம் புரிவதற்காகச் சேர்த்தது. இராசராச சோழன் 'தமிழ்நாட்டில்' கோயில் கட்டினான் என்று நாம் இன்று எழுதுவதில்லையா, அதுபோலத்தான். ஆபிரகாமின் இனத்தை அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

5. தானியேல் புத்தகத்துல ஜோசியர், சூனியக்காரரோட சேர்த்து கல்தேயரையும் கூப்பிடறாங்களே?

இங்கேதான் பெயர் இனத்திலிருந்து தொழிலுக்குத் தாவுகிறது. தானியேல் 2-ம் அதிகாரத்தில் கல்தேயர் என்பது கனவுக்குப் பொருள் சொல்லும் அரசவை அறிஞர் கூட்டம். கிரேக்கரும் உரோமையரும் அதே பொருளில்தான் எடுத்துக்கொண்டார்கள். உரோமை நகரில் தெருவோரம் உட்கார்ந்து சாதகம் கணித்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் 'கல்தேயன்'தான்.

ஒரு சின்னத் தலைவலியும் இந்த நூலிலிருந்து வந்தது. 1:4-ல் கல்தேயரின் எழுத்தும் மொழியும் கற்பிக்கப்பட்டதாக வருகிறது. 2:4-ன் நடுவிலிருந்து 7-ம் அதிகாரம் முடிய நூலின் மூலம் எபிரேயத்தை விட்டு அரமேயத்துக்கு மாறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பழைய ஐரோப்பிய அறிஞர்கள் அரமேயத்துக்கே 'கல்தேய மொழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 19-ம் நூற்றாண்டு இலக்கணங்களிலும் அகராதிகளிலும் 'கல்தேயம்' என்றிருந்தால் அது விவிலிய அரமேயம் என்று படியுங்கள்.

6. கல்தேய எண்கணிதம்தான் ஒரிஜினல்னு சொல்றாங்க. அது இவங்க கண்டுபிடிச்சதா?

இல்லை. பெயர்த் திருத்தம் செய்பவர்கள் கையில் இருக்கும் அட்டவணையையே எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஆகியவற்றுக்கு 1. பி, கே, ஆர் மூன்றுக்கும் 2. சி, ஜி, எல், எஸ் நான்குக்கும் 3. டி (D), எம், டி (T) ஆகியவற்றுக்கு 4. பாபிலோனில் எழுதியது ஆப்பெழுத்து. அதில் குறிகள் அசைகளையும் சொற்களையும் குறிக்கும். அவை நூற்றுக்கணக்கில் உண்டு. ஜே, டபிள்யூ ஆகியவை இலத்தீன் நெடுங்கணக்கிலேயே பிற்காலத்தில் சேர்ந்த எழுத்துகள். பாபிலோனியர் அவற்றுக்கு மதிப்புப் போட்டிருக்க வழியே இல்லை.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எபிரேய எழுத்தெண் முறையில் ஆலெஃப் 1, யோத் 10, கோஃப் 100. சுழியங்களைத் தள்ளினால் மூன்றும் 1. அவற்றுக்கு இணையான இலத்தீன் எழுத்துகள் ஏ, ஐ, கியூ. பேத் 2, காஃப் 20, ரேஷ் 200: பி, கே, ஆர். தாலெத் 4, மேம் 40, தாவ் 400: டி (D), எம், டி (T). வரிசை அப்படியே பொருந்துகிறது. எபிரேயத்தில் 9, 90 ஆகிய மதிப்புகள் தேத், ஸாதே என்ற எழுத்துகளுக்கு உரியவை; அவற்றுக்கு இலத்தீனில் தனி எழுத்து கிடையாது. அட்டவணையில் 9 காலியாக நிற்பது இதனால்தான். '9 தெய்வீக எண், அதனால் விலக்கினார்கள்' என்பது பிறகு ஒட்டவைத்த விளக்கம்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கில் புகழ்பெற்ற கைரேகைக்காரர் கீரோ இந்த முறையைக் கல்தேயர் பெயரில் பரப்பினார். அங்கிருந்துதான் நம் ஊருக்கு வந்தது. இன்றைய கல்தேய மக்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

7. அப்ப அவங்க வானியல் அறிவும் கட்டுக்கதையா?

அது கட்டுக்கதை அல்ல. பாபிலோன் கோயில் எழுத்தர்கள் வானத்தை நாள்தோறும் பார்த்துக் களிமண் பலகைகளில் குறித்து வைத்தார்கள். கிடைத்துள்ள நாட்குறிப்புகளில் பழையது கி.மு. 652-ஐச் சேர்ந்தது, கடைசியானவை கி.மு. 1-ம் நூற்றாண்டுக்கு வருகின்றன. அறுநூறு ஆண்டுத் தொடர் குறிப்பு! 223 நிலா மாதங்களுக்கு, அதாவது ஏறக்குறைய 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே ஒழுங்கில் திரும்புகின்றன என்பதை அந்தக் குவியலிலிருந்துதான் கண்டார்கள். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை ஆகியவற்றின் வேர் அவர்களுடைய அறுபதடிமான எண்முறை, அதாவது பத்துக்குப் பதில் அறுபதை அடியாகக் கொண்ட எண்முறை.

வான்பாதையைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதும் அங்கேதான். அது கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சாதகத்தில் நாம் சொல்லும் 'ஓரை' கிரேக்கச் சொல்லின் வழி வந்ததுதான். ஆனால் இந்த எழுத்தர்களில் பெரும்பாலோர் 2-ல் சொன்ன சதுப்புநிலக் குலத்தவர் அல்லர். பழைய பாபிலோனிய நகரக் குடும்பத்தினர்.

8. பாபிலோன் விழுந்த பிறகு இந்த மக்கள் என்ன ஆனாங்க?

யாரும் மறைந்துவிடவில்லை, கலந்துவிட்டார்கள். பாரசீக ஆட்சி தொடங்கும் முன்பே மெசபொத்தேமியாவில் அரமேயம் பொது மொழியாகப் பரவியிருந்தது. பாபிலோனின் பழைய மொழியான அக்காதியம் பேசியவர், கல்தேயர், அரமேயர், அசீரியர் எல்லோருடைய சந்ததியும் சில நூற்றாண்டுகளில் அரமேயம் பேசும் ஒரே மக்கள்திரளாக மாறியது. ஆப்பெழுத்து கி.பி. 1-ம் நூற்றாண்டில் ஓய்ந்தது. அந்த அரமேயம் பேசியவர்களிடையேதான் கிறிஸ்தவம் பரவியது. கி.பி. 410-ல் செலூக்கியா-தெசிபோனில் கூடிய சங்கம் 'கிழக்குத் திருச்சபை'யை முறைப்படி அமைத்தது.

9. அப்ப இப்போ இருக்கற கிறிஸ்தவங்களுக்குக் கல்தேயர்னு யார் பேர் வச்சது?

உரோமை. கிழக்குத் திருச்சபையை மேற்கத்தியர் 'நெஸ்தோரியர்' என்று அழைத்தார்கள். அது பதிதர் என்று குத்திக்காட்டும் பெயர். சைப்ரஸ் தீவில் இருந்த அந்தச் சபையினர் தார்சு பேராயர் திமோத்தேயுவின் தலைமையில் உரோமையோடு ஒன்றிணைந்தார்கள். 1445 ஆகஸ்டு 7 அன்று திருத்தந்தை 4-ம் யூஜின் வெளியிட்ட ஆணை, இனி இவர்களை நெஸ்தோரியர் என்று அழைக்கக் கூடாது என்றது. அந்தப் பெயருக்குப் பதிலாக வந்ததுதான் கல்தேயர். அந்த ஒன்றிப்பு நீடிக்கவில்லை. பெயர் மட்டும் நின்றது.

10. 1552-ல பிரிஞ்சு வந்தவங்கதான் இன்னைக்கு கல்தேயர்னு படிச்சேன். சரியா?

பாதிதான் சரி. இணையக் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அன்று கிழக்குத் திருச்சபையில் முதுபெரும் தந்தை, அதாவது சபைத் தலைவர் பதவி ஒரே குடும்பத்துக்குள், பெரியப்பா சித்தப்பாவிடமிருந்து உடன்பிறந்தாரின் மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தது. அதை எதிர்த்தவர்கள் 1552-ல் வட ஈராக்கின் அல்கோஷ் ஊருக்கு அருகிலுள்ள ரப்பான் ஹோர்மிஸ்து மடத்தின் தலைவர் யோகன்னான் சூலாக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உரோமைக்குப் போய் 1553-ல் திருத்தந்தை 3-ம் ஜூலியசிடம் ஒப்புதல் பெற்று, இன்றைய தென்கிழக்குத் துருக்கியின் தியார்பக்கிருக்குத் திரும்பினார். 1555-ல் சிறையில் கொல்லப்பட்டார். இதுவரை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். சூலாக்காவின் வாரிசுகள் மலைப்பகுதிக்கு நகர்ந்து, 17-ம் நூற்றாண்டில் உரோமையை விட்டு விலகிவிட்டார்கள். இன்றைய அசீரியக் கிழக்குத் திருச்சபை அந்த வரிசையிலிருந்து வருகிறது. யாரை எதிர்த்து அவர் கிளம்பினாரோ அந்த அல்கோஷ் பரம்பரையின் கடைசி வாரிசு யோகன்னான் ஹோர்மிஸ்துவைத்தான் 1830-ல் உரோமை 'கல்தேயரின் பாபிலோன் முதுபெரும் தந்தை'யாக உறுதிசெய்தது. இடையில், 1681 முதல், தியார்பக்கிரில் யோசேப்பு என்ற பெயரில் மூன்றாவது கத்தோலிக்க வரிசை ஒன்றும் இருந்தது. ஆக, இன்றைய கல்தேயத் திருச்சபையின் வரிசை 1830-ல் இந்த ஓடைகள் கலந்து உருவானது. 1552-லிருந்து நேர்கோடாக வந்ததல்ல.

11. பேரே வெளியில இருந்து வந்ததுன்னா, பழைய பாபிலோன் வாரிசுன்னு அவங்க சொல்றது பொய்யா?

பெயரின் வயதும் மக்களின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 8-ல் சொன்னபடி மெசபொத்தேமியாவின் பழைய குடிகள் அரமேயம் பேசும் கிறிஸ்தவர்களாகத் தொடர்ந்தார்கள். அந்தத் தொடர்ச்சியை மறுக்க முடியாது. சதுப்புநிலக் கல்துக் குலங்களிலிருந்து மோசூலுக்கு அருகிலுள்ள தெல்கேப் ஊரின் இன்றைய குடும்பம் வரை தனிக்கோடு போட்டுக் காட்ட ஆவணம் இல்லை என்பதும் உண்மை. பூர்வீக ஊர்கள் தெற்கே இல்லை; பழைய நினிவே நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன.

இந்தப் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், கொல்லப்பட்டார்கள், நாடு விட்டு ஓடினார்கள். ஐந்து நூற்றாண்டாகச் சுமந்த பெயரைப் போலி என்பது நியாயமல்ல என்பதே எங்கள் கருத்து.

12. அசீரியரும் கல்தேயரும் ஒண்ணா, வேறயா?

மொழி ஒன்று, ஊர்கள் அடுத்தடுத்தவை, வழிபாட்டு மரபும் ஒன்று, சபை வேறு. கத்தோலிக்கர் கல்தேயர், அசீரியக் கிழக்குத் திருச்சபையினர் அசீரியர். இனமும் ஒன்றா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. 1989 முதல் 2003 வரை கல்தேய முதுபெரும் தந்தையாக இருந்த ரபாயேல் பிதாவித், கல்தேயர் என்பது சபையின் பெயர், இனத்தால் நான் அசீரியன் என்ற நிலைப்பாட்டில் இருந்தார். அதே சபையின் ஆயர்கள் சிலர் கல்தேயர் தனி இனம் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

அரசுகளும் ஒரே மாதிரி நடத்தவில்லை. 2005-ம் ஆண்டு ஈராக் அரசமைப்பின் 125-வது பிரிவு கல்தேயர், அசீரியர் என்று இரண்டு பெயரையும் தனித்தனியே சொல்கிறது. அமெரிக்காவின் 2000 மக்கள்தொகைக் கணக்கு 'அசீரியர்/கல்தேயர்/சீரியர்' என்று ஒரே கட்டத்தில் போட்டது. எழுதும்போது அவரவர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரையே எழுதுங்கள்.

13. இவங்க பேசறது இயேசு பேசின அதே மொழியா?

அதே மொழி அல்ல, அதே குடும்பம். இயேசு பேசியது முதல் நூற்றாண்டுக் கலிலேய அரமேயம். அது மேற்குக் கிளை. சுரேத் கிழக்குக் கிளையைச் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டு மாற்றமும் அதன்மேல் ஏறியிருக்கிறது. தமிழும் மலையாளமும் போல உறவு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். மேற்குக் கிளையில் இன்று உயிரோடு இருப்பது சிரியாவின் மாலூலா வட்டாரப் பேச்சு.

இருந்தாலும் வேர்ச்சொற்களில் நெருக்கம் தெரியும். மாற்கு 5:41-ல் 'தலீத்தா கூமி' என்று சிறுமியை எழுப்பும் இடத்தில் வரும் 'எழு' என்ற வினையின் வேர் சுரேத்திலும் அன்றாடச் சொல். கோயிலில் வாசிக்கும் செந்நடைச் சீரியம் வேறு. பேசும் சுரேத் வேறு. பாட்டி பூசையில் சீரிய மன்றாட்டு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லத் தெரியாது என்ற நிலை பல குடும்பங்களில் உண்டு.

14. நாலு வார்த்தை சொல்லித் தாங்களேன்.

ஷ்லாமா: அமைதி, இதுவே வணக்கமும். ஆணிடம் 'ஷ்லாமா இல்லூக்', பெண்ணிடம் 'ஷ்லாமா இல்லாக்'. ஊருக்கு ஊர் இந்த ஈறு மாறும். ஆலாஹா: கடவுள். மாயா: தண்ணீர். யோமா: நாள். யிம்மா: அம்மா. பாபா: அப்பா. எண்கள்: கா, த்ரே, த்லாதா, அர்பா, கம்ஷா. 'கா', 'கம்ஷா' இரண்டிலும் க ஒலியை உருதுக்காரர் 'கான்' என்று சொல்வதுபோல் தொண்டையை உரசிச் சொல்ல வேண்டும்.

லக்மா: ரொட்டி. பேதா: வீடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், பெத்லகேம் கிடைக்கும்: ரொட்டியின் வீடு. அரபியில் அதே வேர்ச்சொல் 'லஹ்ம்' இறைச்சியைக் குறிக்கிறது. அரபி தெரிந்தவர்கள் முதலில் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான்.

15. எழுத்து படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

22 எழுத்துகள்; வலமிருந்து இடம். சீரியத்துக்கு மூன்று எழுத்து வடிவங்கள் உண்டு: பழைய எஸ்த்ராங்கெலா, மேற்கின் செர்த்தோ, கிழக்கின் மத்ன்ஹாயா. கல்தேய நூல்களுக்கு மத்ன்ஹாயா வேண்டும். தெரியாமல் செர்த்தோ பாடநூலில் தொடங்கினால் உச்சரிப்பும் மாறிவிடும்: கிழக்கில் 'ஷ்லாமா', மேற்கில் 'ஷ்லோமோ'.

தொடக்கக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் தாலத்தும் ரேஷும். இரண்டுக்கும் உருவம் ஒன்றே. புள்ளி கீழே இருந்தால் தாலத், மேலே இருந்தால் ரேஷ். அடுத்தது பன்மைக் குறி: சொல்லின் மேல் பக்கத்தில் பக்கமாக இரண்டு புள்ளிகள். 'மல்கா' (அரசன்), 'மல்கே' (அரசர்கள்) இரண்டுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே. உயிர்க்குறி இல்லாத அச்சில் அந்த இரட்டைப் புள்ளிதான் வேறுபாடு. சொல்லில் ரேஷ் இருந்தால் அதன் புள்ளியும் இந்த இரண்டில் ஒன்றாகக் கலந்துவிடும். மூன்றாவது புள்ளியைத் தேடாதீர்கள்.

16. இவங்க ரோமன் கத்தோலிக்கரா? சாமியாருக்குக் கல்யாணம் உண்டாமே?

கத்தோலிக்கர், ஆனால் இலத்தீன் முறையினர் அல்லர். திருத்தந்தையை ஏற்று, தமக்கென முதுபெரும் தந்தை, ஆயர் மன்றம், சட்டம், வழிபாடு ஆகியவற்றை வைத்துக்கொண்ட தனித் திருச்சபை. முதுபெரும் தந்தையின் இருக்கை பாக்தாத். 2013-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட லூயிஸ் ரபாயேல் சாக்கோ 2018-ல் கர்தினாலானார்.

மணமான ஆண் குருவாகலாம். குருவான பிறகு மணம் செய்ய முடியாது. ஆயர்கள் மணமாகாதவர்கள்.

17. அவங்க பூசையில 'இது என் உடல்' வசனமே கிடையாதாமே? அது எப்படி செல்லும்?

கேள்வியில் இரண்டு சபைகள் கலந்துவிட்டன. அத்தாய்-மாரி மன்றாட்டு கிழக்குத் திருச்சபையின் மிகப் பழைய நற்கருணை மன்றாட்டு. அசீரியக் கிழக்குத் திருச்சபை பயன்படுத்தும் வடிவத்தில் இயேசு அப்பத்தை எடுத்துச் சொன்ன சொற்கள் தனிப்பகுதியாக இல்லை. கல்தேயர் அதே மன்றாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உரோமையோடு இணைந்தபின் அந்தச் சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்க்காத வடிவமும் செல்லும் என்று வத்திக்கான் 2001-ல் ஏற்றது. தேவை நேரும்போது கல்தேயர் அசீரியர் கோயிலிலும், அசீரியர் கல்தேயர் கோயிலிலும் நற்கருணை வாங்கலாம். குருவானவரே இல்லாத ஊர்களில் சிதறிக் கிடந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். 1994 நவம்பரில் 2-ம் ஜான் பாலும் அசீரிய முதுபெரும் தந்தை 4-ம் மார் தின்காவும் கிறிஸ்துவின் இயல்பு பற்றிக் கையெழுத்திட்ட கிறிஸ்தியல் உடன்பாடுதான் இதற்கு வழிவிட்டது.

18. நோன்பு, பண்டிகை எல்லாம் நம்ம மாதிரியா?

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 தான். தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்காது. அதற்கு முந்தைய திங்களில் தொடங்கும். அதற்கு மூன்று வாரம் முன்பு, திங்கள் முதல் புதன் வரை 'பாவூத்தா' என்ற நினிவே நோன்பு. யோனாவின் பேச்சைக் கேட்டு நினிவே மக்கள் மனம் மாறியதன் நினைவு. அந்த நினிவேயின் இடிபாடு மோசூலுக்குள்ளேயே இருக்கிறது என்பதால், அங்கே இது தூரத்துக் கதை அல்ல, ஊர்ப் பெரியவர்களின் கதை. கேரளக் கிறிஸ்தவர்களின் மூன்று நோன்பு இதேதான்.

பண்டிகைப் பலகாரம் கிலேச்சா. ஏலக்காய் போட்டுப் பிசைந்த மாவை மெல்லிதாகத் தேய்த்து, பேரீச்சை விழுதைப் பரப்பி, பாய்போல் சுருட்டி, துண்டு போட்டுச் சுடுவார்கள். சுருட்டு இறுக்கமாக இல்லையென்றால் சூட்டில் பிரிந்து பேரீச்சை வழிந்து அடி கருகும்.

19. திருச்சூர்ல 'கல்தாய சுறியானி சபை' இருக்கே, அது இவங்க கிளையா?

பெயர் கல்தேயம், சபை அசீரியக் கிழக்குத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்ல. கல்தேய முதுபெரும் தந்தை யோசேப்பு அவுதோ 1874-ல் மார் எலியாஸ் மெல்லூசை மலபாருக்கு அனுப்பினார். உரோமை அதை ஏற்கவில்லை. 1882-ல் மெல்லூஸ் திரும்பிப் போனார். திருச்சூரில் அவர் பக்கம் நின்றவர்கள் தனியே நின்றார்கள். 1908-ல் அசீரிய முதுபெரும் தந்தை அனுப்பிய மார் அபிமலேக் திமோத்தேயுஸ் வந்து பொறுப்பேற்றதும் அவர்கள் அந்தச் சபையின் பகுதி ஆனார்கள். பழைய பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உறவு அதைவிடப் பழையது. கிழக்குத் திருச்சபை நூற்றாண்டுகளாக மலபாருக்கு ஆயர்களை அனுப்பிவந்தது. 10-ல் வந்த சூலாக்காவின் உடன்பிறந்தவர் மார் யோசேப்பும் இங்கே ஆயராக இருந்தார். 1597-ல் மார் ஆபிரகாம் இறந்து, 1599-ல் உதயம்பேரூர்ச் சங்கம் கூடியபின் போர்த்துகீசியர் அந்தத் தொடர்பை வெட்டினார்கள். மலையாளத்தில் குர்பானா, மாலாகா, மாமோதீசா என்ற சொற்களும், இயேசுவுக்கு 'ஈசோ' என்ற கிழக்குச் சீரிய உச்சரிப்பும் அந்த உறவின் மிச்சம்.

20. தமிழ்நாட்டுல ஏதாவது தடயம் உண்டா?

சென்னை பரங்கிமலைக் கோயிலின் பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைப் பாருங்கள். 1547-ல் போர்த்துகீசியர் கண்டெடுத்தது. சிலுவையைச் சுற்றி வளைந்து ஓடும் எழுத்து பகலவி, அதாவது நடுக்காலப் பாரசீகம். பாரசீகப் பேரரசில் வேரூன்றியிருந்த கிழக்குத் திருச்சபையின் கடல்வழித் தொடர்புக்கு அது சான்று. அன்று கல்தேயர் என்ற சபைப் பெயர் பிறக்கவில்லை. ஆகவே 'கல்தேயச் சிலுவை' என்று எழுதுவது காலப்பிழை.

21. இன்னும் ஈராக்ல இருக்காங்களா?

இருக்கிறார்கள், மிகக் குறைந்துபோய். 2003-க்கு முன் ஈராக்கில் கிறிஸ்தவர்கள் 12 முதல் 15 லட்சம் என்பது வழக்கமான மதிப்பீடு. இன்று 3 லட்சத்துக்கும் கீழே. அவர்களில் பெரும்பான்மை கல்தேயர். மோசூலில் 2007 ஜூனில் அருட்தந்தை ரகீத் கன்னி சுட்டுக் கொல்லப்பட்டார். 2008-ல் பேராயர் பவுலோஸ் ராஹோ கடத்தப்பட்டு, மார்ச் 13 அன்று பிணமாகக் கிடைத்தார்.

2014 ஜூனில் ஐ.எஸ். மோசூலைப் பிடித்தது. கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் 'நூன்' என்ற அரபி எழுத்தை எழுதினார்கள்: 'நஸ்ரானி' என்பதன் முதலெழுத்து. மதம் மாறு, வரி கட்டு, வெளியேறு, இல்லையேல் சாவு என்று ஜூலையில் கெடு வைத்தார்கள். ஆகஸ்டு 6 இரவு நினிவே சமவெளியே காலியானது. தெல்கேப், பத்னாயா, கரம்லேஸ் விழுந்தன. அல்கோஷ் மக்கள் வெளியேறினாலும் ஊர் பிடிபடவில்லை. 2016 அக்டோபர் முதல் 2017 ஜனவரி வரை ஊர்கள் மீட்கப்பட்டன. திரும்பியவர் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறு: இடிந்த வீடு, பறிபோன நிலம், யார் கையில் பாதுகாப்பு என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து பலரைத் தடுத்தன. இன்று பெரும் கூட்டமாக அவர்கள் வாழ்வது எர்பிலை ஒட்டிய அன்காவாவில்.

22. வெளிநாட்டுல எங்க அதிகம்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெல்கேப்பிலிருந்து போனவர்கள் மளிகைக் கடை வைத்தார்கள், கடையில் வேலைக்கு உறவினரை அழைத்தார்கள், சங்கிலி நீண்டது. அடுத்தது கலிபோர்னியாவின் எல் காஹோன். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் ஃபேர்ஃபீல்டு. பாரிசு அருகே சார்செல் நகரில் இருப்பவர்கள் பெரும்பாலும் துருக்கியிலிருந்து வந்தவர்கள்.

23. சதாம் ஹுசைன் அமைச்சர் தாரிக் அஜீஸ் கல்தேயரா?

ஆம். 1936-ல் தெல்கேப்பில் பிறந்தவர். பிறப்பில் மிக்காயேல் யோகன்னா.

24. மாண்டேயர், யசீதிகள் எல்லாம் இதே கூட்டமா?

இல்லை. மாண்டேயர் திருமுழுக்கு யோவானைப் போற்றும் தனிச் சமயத்தினர். வேறு அரமேயக் கிளைமொழி கொண்டவர்கள். பூர்வீகம் தெற்கு ஈராக். யசீதிகள் குர்திய மொழி பேசும் தனிச் சமயத்தினர். ஆனால் வட ஈராக்கின் சாக்கோ நகரத்து யூதர்கள் சுரேத்துக்கு மிக நெருங்கிய அரமேயம் பேசினார்கள். 1950-51-ல் பெரும்பாலும் இசுரேலுக்குப் போய்விட்டார்கள்.

25. ஒரு கட்டுரையில 'கல்தேயர்'னு இருந்தா எந்தக் கல்தேயர்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மொழிபெயர்க்கும்போது குழம்புது.

முதலில் காலத்தைப் பாருங்கள். கி.மு. 9 முதல் 6-ம் நூற்றாண்டு வரையான அரசியல் என்றால் குலம் அல்லது பாபிலோன் அரசு (2, 3). கிரேக்க, உரோமை எழுத்துகளில் வந்தால் பெரும்பாலும் சோதிடர் (5). 1445-க்குப் பிந்தைய சபைச் செய்தி என்றால் கத்தோலிக்கர் (9). ஆனால் இடம் திருச்சூர் என்றால் அசீரியக் கிழக்குத் திருச்சபை (19). 'கல்தேயம்' என்று மொழியைச் சொன்னால், நூல் எழுதிய ஆண்டைப் பார்த்து, விவிலிய அரமேயமா சுரேத்தா என்று முடிவு செய்யுங்கள்.

தமிழில் எழுதும்போது முதல் இடத்தில் மட்டும் 'பழங்காலக் கல்தேயக் குலத்தவர்', 'கல்தேயக் கத்தோலிக்கர்' என்று விரித்து எழுதிவிட்டால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். நேரில் பழகும்போது இன்னும் எளிது. அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் பெரும்பாலும் 'சூராயே'. கல்தேயர் என்று தனித்துச் சொல்லும்போது 'கல்தாயே'.